பாசறையும் பானையும்

நுழையும் முன்

விடுமுறைக் காலத்தில் சாரணர் பாசறைக்கும் மலையேற்றப் பயிற்சிக்கும் மாணவர் பலர் செல்கின்றனர். கம்பளி உடை, காலணி, கைவிளக்கு என ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுத்துவைப்பவர்கள், எந்தக் கலத்தில் சமைப்பது என்பதைப் புறப்படும் நாளன்றுதான் நினைக்கின்றனர். வீட்டில் கைக்குக் கிடைத்த பாத்திரம் மூட்டைக்குள் போகிறது. அது மலைமேல் என்ன செய்யும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பானையின் மேல் பழி

1835ஆம் ஆண்டு மார்ச் மாதம், சார்லஸ் டார்வின் என்னும் இளம் இயற்கை ஆய்வாளர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தார். உயரமான ஓரிடத்தில் இரவு தங்கியபோது, உடன் வந்தவர்கள் உருளைக்கிழங்கை வேகவைத்தனர். நீர் தளதளவென்று கொதித்தது. பல மணி நேரம் கொதித்தது. கிழங்கோ கல்லைப் போலவே கிடந்தது. இரவு முழுவதும் பானையை அடுப்பின் மேலேயே விட்டுவைத்தனர். காலையில் மீண்டும் கொதிக்கவைத்தும் பயனில்லை. அவ்விருவரும் தமக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர்: பானை புதியது, இந்தப் பாழும் பானைக்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை! இதைக் கேட்ட டார்வின், தம் பயண நூலில் நிகழ்ச்சியையும் அதன் காரணத்தையும் எழுதிவைத்தார்.

குற்றம் பானையினுடையது அன்று. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு பாகை செல்சியஸ் என்ற அளவில் கொதிநிலை இறங்குகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் 92 அல்லது 93 பாகையிலும், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் 88 பாகையிலும் கொதிக்கிறது. கொதிக்கத் தொடங்கிய நீரின் வெப்பம் அதற்குமேல் ஏறாது. விறகை எவ்வளவு அடுக்கினாலும் நீர் விரைவாக ஆவியாகுமே தவிர, உள்ளிருக்கும் பருப்பு விரைவாக வேகாது. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால், வேகும் நேரம் இருமடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும்.

உருளைக்கிழங்கு வேகாவிட்டால் ஒரு வேளை பசியோடு போயிற்று. இராஜ்மா வேகாவிட்டால் அப்படியன்று. வட இந்தியாவில் பாசறைக்கு எடுத்துச் செல்லும் பொருள்களில் இராஜ்மா எளிதில் இடம்பெற்றுவிடும்; கெடாது, சத்துள்ளது, சோற்றுக்கும் சப்பாத்திக்கும் பொருந்தும். ஆனால் அதனுள் லெக்டின் என்னும் புரதம் உள்ளது. நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் முழுக் கொதியில் வேகவைத்தால் அந்தப் புரதம் அழிந்துவிடும். அரைவேக்காட்டில் உண்டால் சில மணி நேரத்திற்குள் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். மருத்துவமனை ஒருநாள் நடைத்தொலைவில் இருக்கும் மலைச்சரிவில் பத்து மாணவர்களுக்கு ஒரே இரவில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? திறந்த பாத்திரத்தில் 87 பாகையில் மெல்லக் கொதிக்கும் இராஜ்மாவை நம்பி இலை போடக்கூடாது. ஆகவே உயரமான மலைக்குச் செல்லும் குழுவிற்குப் பிரஷர் குக்கர் ஆடம்பரப் பொருள் அன்று. கூடாரத்தைப் போலவே இன்றியமையாத பொருள்.

குக்கர் இல்லாதவர்கள் மூடியின் மேல் பெரிய கல்லொன்றை ஏற்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் அழுத்துவதால் உள்ளே வெப்பம் கூடும் என்பது அவர்கள் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு ஏறத்தாழ 450 சதுர செ.மீ. அதன்மேல் 5 கிலோ எடையுள்ள கல்லை வைத்தால், ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் விழும் எடை 11 கிராம் மட்டுமே. அதனால் கொதிநிலை அரைப் பாகைகூட உயராது. கல் செய்யும் நன்மை வேறு: மூடி அசையாமல் இருப்பதால் நீராவி வீணாகாமலும் காற்று புகாமலும் இருக்கும்; விறகு மிச்சமாகும்.

குக்கரின் எடையோ கைக்குள் அடங்குவது. ஆயினும் அது அமர்ந்திருக்கும் துளை சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அச்சிறு துளையின் மேல் முழு எடையும் விழுவதால், ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்கு அழுத்தம் உள்ளே திரண்ட பிறகுதான் நீராவியால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடிகிறது. கடல்மட்டத்தில் அப்போது உள்ளே வெப்பம் 120 பாகை அளவில் இருக்கும். லே நகரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாதலால் 114 பாகை அளவில் நிற்கும். அங்கே திறந்த பாத்திரத்தில் கிடைக்கும் 88 பாகையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மலைமேல் வழக்கமான விசில் கணக்கோடு இரண்டொரு விசில் கூட்டிக்கொள்ள வேண்டியதும் இதனால்தான்.

இந்தக் கருவியின் முன்னோடியை 1679இல் உருவாக்கியவர் டெனிஸ் பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிவியலாளர். எலும்பையும் மென்மையாக்கும் கலம் என்று அது பேசப்பட்டது. அழுத்தம் மிகுந்தால் ஆவியை வெளியேற்றும் காப்புத் துளையையும் அவரே அமைத்தார்.

எத்தனை பேர், எவ்வளவு பெரிது

கலத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறுவதே வழக்கமாக இருக்கிறது. பத்துப் பேருக்குச் சோறு வடிக்க வேண்டும் என்று கொள்வோம். நடந்து களைத்தவருக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி வேண்டும். மொத்தம் ஒன்றேகால் கிலோ. அது வெந்தபின் ஏறத்தாழ நாலரை லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பொங்கி வழியாதிருக்க மேலே இடம் வேண்டுமாதலால் 7 லிட்டர் கொள்ளும் தேக்சா ஒன்று தேவை. பருப்புக்கு 5 லிட்டர் குக்கர் போதும். ஆனால் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. பருப்பு, இராஜ்மா, கொண்டைக்கடலை போல நுரைத்துப் பொங்கும் பொருளாயின் பாதிக்கு மேல் கூடாது. மீறினால் நுரையும் தோலும் ஆவித் துளையை அடைத்துவிடும்.

இவ்விரண்டோடு, தேநீருக்கும் குடிநீர் காய்ச்சவும் மூன்றாவது பாத்திரம் ஒன்று. பத்துப் பேர் கொண்ட குழுவிற்கு இவை மூன்றும் போதும் என்பதே என் கருத்து. நான்காவதாக ஒரு வாணலியை எடுத்துச் செல்ல எல்லோருக்கும் ஆசை இருக்கும். அதை யார் சுமப்பது என்று கேட்டதும் ஆசை அடங்கிவிடும்.

குடிநீர் காய்ச்சும் பாத்திரத்தில் வேறெதையும் சமைக்காதிருப்பது நல்லது. எண்ணெய்ப் பசையும் வெங்காய மணமும் ஏறிய நீரை மாணவர்கள் குடிக்க மறுப்பார்கள். குடிக்காமலே நடந்து மயங்குவார்கள். உயரத்தில் இது சிறிய செய்தி அன்று.

எந்த உலோகம்?

அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. அடுப்பின் வெப்பத்தை உணவுக்குக் கொண்டு சேர்ப்பதே கலத்தின் வேலை. அந்த வேலையைச் செம்பு மிக நன்றாகச் செய்யும். அதற்கு அடுத்தது அலுமினியம். நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத எஃகு இதில் மிகவும் பின்தங்கியது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கையே அது கடத்தும். ஆகையால் எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் சூடேறி, அந்த இடத்தில் சோறு அடிப்பிடிக்கிறது. ஓரத்திலோ அரிசி வேகாமல் நிற்கிறது. வீட்டு எரிவாயு அடுப்பில் தீ வட்டமாகப் பரவுவதால் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. பயண அடுப்பின் தீயோ ரூபாய்க் காசு அளவே இருக்கும். அங்கே குறை அப்பட்டமாகத் தெரியும்.

எடையிலும் அலுமினியத்திற்கே வெற்றி. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்றால், அதே கன அளவுள்ள அலுமினியம் 2.7 கிலோ, எஃகு ஏறத்தாழ 7.9 கிலோ, பித்தளை 8.5 கிலோ அளவில் இருக்கும். எஃகு வலிமை மிகுந்ததால் அதை மெல்லிய தகடாக அடிக்கலாம். ஆதலால் பாத்திரத்தின் எடையில் வேறுபாடு மும்மடங்கு இராது. இருப்பினும் தோள் அதை உணரும்.

அலுமினியத்திற்கும் குறைகள் உண்டு. புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றின் அமிலம் அதன் மேற்பரப்பை அரிக்கிறது. புளிக்குழம்பைச் சமைத்து உடனே வேறு பாத்திரத்திற்கு மாற்றினால் பெரிய தீங்கில்லை. இரவு முழுவதும் அதிலேயே விட்டுவைத்தால் சுவையும் நிறமும் கெடும், பாத்திரத்திலும் சிறு சிறு குழிகள் தோன்றும். உப்புநீரும் அப்படியே. மேலும் தூய அலுமினியம் மென்மையானது. பேருந்தின் மேலிருந்து மூட்டை விழுந்தால் நசுங்கிவிடும், மூடி பொருந்தாது. மக்னீசியம், மாங்கனீசு போன்றவற்றைச் சிறிதளவு கலந்து உறுதியாக்கிய இண்டாலியம், இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. மேற்பரப்பை மின்முறையில் தடித்த ஆக்சைடு படலமாக மாற்றிய கருநிற அனோடைஸ்டு பாத்திரங்களும் கிடைக்கின்றன. அவை அமிலத்தையும் ஓரளவு தாங்கும், விலைதான் கூடுதல்.

பித்தளைத் தேக்சாவைப் பெரிய பாசறைகளில் இன்றும் காணலாம். அதில் வெப்பம் சீராகப் பரவும். ஆனால் உட்புறத்தில் ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புள்ள எதையும் சமைக்கக்கூடாது. செம்பு உணவில் கரைந்து களிம்பு ஏறும். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். நஞ்சாகிய காரீயம் அன்று. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தூள் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் துடைத்துப் பரப்பும் கைவினைஞர்கள் ஒரு காலத்தில் தெருத்தெருவாக வந்தனர். இப்போது அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றியவர்கள், அது கண்முன்னே உருகி ஒழுகியதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நீர் இருக்கும்வரை ஆபத்தில்லை. நீரின் கொதிநிலைக்கு மேல் உலோகம் சூடேறுவதை அந்த நீரே தடுத்துவிடுகிறது. காகிதக் குவளையில் நீர் கொதிக்கவைக்கும் சோதனையை அறிவியல் வகுப்பில் செய்திருப்பீர்கள்; அதே விதிதான். 660 பாகையில் உருகும் அலுமினியத்திற்கும் இது பொருந்தும். கனன்று எரியும் விறகுத் தணலின் மேல் வெறும் அலுமினியப் பாத்திரத்தை மறந்து வைத்தால் அடி இளகிவிடும்.

இரும்புச் சட்டி வண்டியில் செல்லும் பாசறைக்கு உகந்தது. முதுகில் சுமப்பதற்கு அன்று. டைட்டானியம் மிக இலேசானது, விலையும் மிகுதி. வெப்பத்தைச் சீராகப் பரப்பாததால் நீர் காய்ச்சுவதோடு அதன் திறமை முடிந்துவிடுகிறது. ஒட்டாத மேற்பூச்சுள்ள பாத்திரத்தை விறகுத் தீயில் வைக்கவே கூடாது. 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். தணலின் மேல் வெறுஞ்சட்டி இரண்டொரு நிமிடத்தில் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும்.

கைப்பிடி, மூடி, அடிப்பாகம்

பாசறை விபத்துகளில் வெந்நீர் கொட்டிச் சுடுவது மிகவும் அஞ்சத்தக்கது. அதற்குக் காரணம் பெரும்பாலும் உலோகம் அன்று, வடிவம். வாங்கும்போது பாத்திரத்தில் நீரை நிரப்பித் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் வியப்போடு பார்ப்பார், பார்க்கட்டும். வெறும் பாத்திரத்தைத் தாங்கும் கைப்பிடி, ஐந்து லிட்டர் கொதிநீரைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. திருகாணியால் பொருத்திய பிடி தளரும். தறையாணி அடித்த பிடி நிற்கும். விறகடுப்புக்கு, வாளியில் இருப்பதுபோல மேலே வளைந்த கம்பிப்பிடி சிறந்தது. கோலில் தொங்கவிடலாம், தீயிலிருந்து கையைச் சுடாமல் தூக்கலாம். நெகிழிப் பிடியும் நெகிழிக் குமிழும் சுடரில் உருகிவிடும். பிடியே இல்லாத பாத்திரங்களை ஒரே இடுக்கியால் தூக்குவது நம் நாட்டுப் பழைய முறை. ஒன்றினுள் ஒன்றாக அடுக்க அதைவிட வசதி வேறில்லை. ஆனால் இடுக்கி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று எப்போதும் இருளில் எங்கோ கிடக்கும்.

மூடி தட்டையாக, கவிழ்த்தால் தட்டாகப் பயன்படும்படி இருந்தால் ஒரு தட்டின் சுமை குறையும். மூடியில்லாமல் சமைப்பது காட்டின் விறகை வீணாக்குவதாகும்.

அடிப்பாகத்தைப் பற்றி ஒரு சொல். மூன்று கல் அடுப்பில் உருண்டை அடியுள்ள வாணலி கல்லோடு கல்லாகப் பொருந்தி அமர்ந்துவிடும். சிறிய எரிவாயு அடுப்பின் கம்பிகளின் மேலோ அது தள்ளாடும். அத்தகைய அடுப்பிற்குத் தட்டை அடியும் குறைந்த உயரமும் வேண்டும். ஆனால் அடுப்பைவிட மிக அகன்ற பாத்திரம் வைப்பதும் தவறு. எரிவாயுக் குடுவை அடுப்பின் நேர்கீழே இருக்கும் வகையாயின், அகன்ற பாத்திரத்தின் அடியில் மோதித் திரும்பும் வெப்பம் குடுவையைச் சூடாக்கும். காற்றைத் தடுக்கத் தகட்டுத் திரையையும் நெருக்கமாகச் சுற்றிவைத்தால் குடுவை வெடிக்கும் அளவுக்கு நிலைமை போகலாம். குடுவையைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்காவிட்டால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். மழை பெய்கிறது, குளிர்கிறது என்று மூடிய கூடாரத்திற்குள் அடுப்பை ஏற்றுவதோ அதைவிடக் கொடியது. தீயிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மடிவர்.

கரியும் சாம்பலும்

விறகடுப்பில் வைத்த பாத்திரம் ஒரு வேளையிலேயே கரியேறும். அதைத் தேய்த்துத் தேய்த்து அழுபவர்களைக் கண்டால் இரக்கமாக இருக்கும். கிராமத்துப் பெண்கள் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறார்கள்: அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பாத்திரத்தின் வெளிப்புறத்தில் களிமண்ணையோ சாம்பலையோ நீரில் குழைத்து மெல்லப் பூசிவிடுவார்கள். கரி அந்தப் பூச்சின் மேல் படியும். கழுவும்போது பூச்சோடு கழன்றுவிடும். அதற்கும் நேரமில்லையெனில் வெளிக்கரியை அப்படியே விட்டுவிட்டு, பாத்திரத்தைத் துணிப்பையில் போட்டுக் கட்டி எடுத்துச் செல்லலாம். கருத்த அடி வெப்பத்தை நன்றாகவே ஏற்கும். பளபளப்பு வேண்டியது உட்புறத்தில்தான்.

உட்புறத்தைக் கழுவுவதற்குச் சாம்பல் நல்ல பொருள். விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகவே மாறுகிறது. எஃகு, பித்தளை ஆகியவற்றைத் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்ப்பது நம் பாட்டிமார் அறிந்த முறை, அதில் பிழையில்லை. அலுமினியத்திற்கு மட்டும் அது ஆகாது. காரம் அலுமினியத்தைக் கரைத்துக் கருக்கச் செய்யும். சலவைச் சோடாவும் அப்படியே. அலுமினியத்தை வெந்நீரும் சிறிது சோப்பும் மெல்லிய நாரும் கொண்டு கழுவினால் போதும். உள்ளே கருத்துப்போனால் எலுமிச்சைத் தோலோ சிறிது புளியோ இட்டு நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினால் வெண்மை திரும்பும். மேலே அமிலம் ஆகாது என்றேனே, இங்கே அமிலத்தையே சொல்கிறேனே என்று கேட்பீர்கள். கருமைப் படலத்தை நீக்கப் பத்து நிமிடம் கொதிக்கவிடுவது வேறு. இரவெல்லாம் குழம்பை ஊறவிடுவது வேறு.

அடிப்பிடித்த சோற்றைக் கத்தியால் சுரண்டக்கூடாது. நீர் ஊற்றி ஊறவைத்து, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் தானே கழன்று வரும். அவசரத்தில் சூடான பாத்திரத்தில் பனிபோன்ற ஓடைநீரை ஊற்றுவது, தகடு திடீரென்று சுருங்கி அடி வளைந்துபோவதற்கு வழி. வளைந்த அடி பிறகு எந்த அடுப்பிலும் நிலையாக நிற்காது. எவர்சில்வரில் உப்பைக் குளிர்ந்த நீரில் போட்டு அப்படியே விட்டால், அடியில் தங்கிய உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். நீர் கொதித்தபின் உப்பிட்டால் இத்தொல்லை இல்லை.

எங்கே கழுவுவது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஓடைக்குள் பாத்திரத்தை முக்கிக் கழுவுவது எளிதாக இருக்கும். கீழே ஒரு சிற்றூர் அதே ஓடைநீரைக் குடிக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிவந்து, எச்சிலை முதலில் வழித்தெடுத்துக் கட்டிவைத்துவிட்டு, மூன்று வாளிகளில் கழுவுவது பாசறை வழக்கம்: முதலில் சோப்பு கலந்த வெந்நீர், அடுத்து வெறும் வெந்நீர், இறுதியில் கொதிக்கவைத்த நீரில் ஒரு முழுக்கு. சோப்பு சரியாகப் போகாத தட்டில் உண்டால் வயிறு கெடும். இரவில் கழுவாத பாத்திரத்தை வெளியே போட்டுவைத்தால் வருவது நாயும் குரங்கும் மட்டும் அன்று. இமயமலைக் காடுகளில் கருங்கரடிகள் உள்ளன, அவற்றின் மோப்பம் கூர்மையானது.

குக்கருக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஆவித் துளையினூடே வானம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் குச்சியால் குத்தித் தூய்மை செய்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். இரப்பர் வாஷரைக் கழற்றித் தனியே கழுவித் துடைக்க வேண்டும்; குளிரில் அது இறுகி வெடிக்கும், ஆதலால் மாற்று வாஷர் ஒன்றும் காப்பு வால்வு ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும். ஒருமுறை நாங்கள் சென்ற பாசறையில் எடையே காணாமற்போயிற்று. கழுவிய நீரோடு சரிவில் உருண்டுவிட்டது போலும். ஒருவர் வேறு குக்கரின் எடையைப் பொருத்தலாம் என்றார். மற்றொருவர் துளையின் மேல் துணியைச் சுற்றிக் கல் வைக்கலாம் என்றார். இரண்டுமே உயிரோடு விளையாடும் யோசனைகள். நல்லவேளையாகப் பொறுப்பாசிரியர் இராஜ்மா மூட்டையையே கட்டி ஒதுக்கிவிட்டார். மூன்று நாளும் மசூர்ப் பருப்புதான். உமி நீக்கி உடைத்த அந்தச் சிவப்புப் பருப்பு, திறந்த பாத்திரத்திலும் வேகும். அதன் பிறகு எங்கள் குக்கரின் எடை, நூலால் கைப்பிடியோடு கட்டப்பட்டே பயணம் செய்கிறது.

திரும்பிய பின்

வீடு திரும்பிய களைப்பில் மூட்டையை அப்படியே மூலையில் வைத்துவிடுவது இயல்பு. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பூஞ்சையும் நாற்றமும் வரவேற்கும். எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். இரும்புக் கலமாயின் அடுப்பில் சிறிது காட்டி ஈரத்தைப் போக்கி, எண்ணெயை மெல்லத் தடவிவைக்க வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகி, துருப்பிடிக்காத கருமேனியாக அதைக் காக்கும். குக்கரின் மூடியை இறுக்கிப் பூட்டாமல், கவிழ்த்து மேலே வைத்தால் வாஷர் நசுங்காது, உள்ளே மணமும் தங்காது. தறையாணிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். நசுங்கிய விளிம்பை மரச்சுத்தியால் அன்றே நிமிர்த்திவிட வேண்டும். அடுத்த பயணத்தின் முந்தின இரவில் அதற்கு நேரம் இராது.

நாற்பது மாணவர் கூடிய பாசறையில் நாற்பது தட்டுகளும் ஒன்றுபோலவே இருக்கும். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில், விற்ற பாத்திரத்தின் மேல் வாங்கியவரின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள். திருமணச் சீராக வந்த குடத்தில் பாட்டியின் பெயரும் ஆண்டும் அப்படி வெட்டப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த முறையில் உங்கள் பெயரையோ அணியின் பெயரையோ தட்டின் விளிம்பில் வெட்டிக்கொள்ளுங்கள். வண்ணப் பூச்சில் எழுதிய பெயர், முதல் நாள் சாம்பலோடு போய்விடும்.

பயிற்சி

1. டார்வினுடன் சென்றவர்கள் பானையின் மேல் ஏன் பழி சுமத்தினர்? உண்மைக் காரணம் யாது?

2. நீங்கள் வாழும் ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கேட்டறிந்து, அங்கே நீரின் கொதிநிலை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு எழுதுக.

3. எஃகுப் பாத்திரத்திற்கு ஏற்ற சாம்பல் அலுமினியத்திற்கு ஏன் ஆகாது?

4. ஆறு பேர் கொண்ட அணி இரண்டு நாள் மலைப்பாதையில் நடக்கவிருக்கிறது. எந்தெந்தக் கலங்களை, எந்த உலோகத்தில், எந்த அளவில் எடுத்துச் செல்வீர்கள்? காரணத்துடன் ஒரு பத்தி எழுதுக.

5. பிரித்து எழுதுக: சமையற்கலம், விறகடுப்பு, வெந்நீர், கருங்கரடி.

6. உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பழைய பாத்திரம் இருந்தால், அதிலுள்ள எழுத்துகளை அப்படியே எழுதி, அது யாருடையது என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.